கண்ணாடி வளையல்போல் உடைந்த இடுப்பு... 16 மாதங்களில் சாம்பியன்! பென் ஹோகன் மீண்டும் நடந்த கதை

கோல்ஃப் என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவிதான் வரும். பணக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு புல்வெளியில் உலாத்துகிற விளையாட்டு என்று நினைத்து, டி.வி-யில் வந்தால் சேனலை மாற்றிவிடுவோம். நீங்களும் அந்தக் கட்சியா? பரவாயில்லை, இந்த ஒரு மனிதரின் கதையை மட்டும் படித்துவிடுங்கள். ஏன்னா, இது கோல்ஃப் கதை என்பதைவிட, உடைந்துபோன ஓர் இடுப்பெலும்பின் கதை. உங்கள் வீட்டில் யாராவது பைக்கிலிருந்து விழுந்தோ, பாத்ரூமில் வழுக்கியோ இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தால், இதில் வரும் பல விஷயங்கள் உங்களுக்கு நெருக்கமாகவே இருக்கும்.

அவர் பெயர் பென் ஹோகன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்காரர். 1912-ல் பிறந்தவர். அப்பா இரும்புப் பட்டறை வைத்திருந்தார். குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தவருக்கு, ஊரெல்லாம் கார் வந்த பிறகு பிழைப்பு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 1922-ல், பென்னுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அப்பா வீட்டிலேயே தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அதைப் பற்றி ஹோகன் வாழ்நாள் முழுக்க வெளியில் பேசுவதைத் தவிர்த்தார்.

அதன் பிறகு வீட்டில் எல்லோரும் சம்பாதித்தாக வேண்டிய நிலை. ஃபோர்ட் வொர்த் ரயில் நிலையத்தில் பேப்பர் விற்றான் சிறுவன் பென். 11 வயதில், கோல்ஃப் மைதானத்தில் மற்றவர்களின் மட்டைப் பையைத் தூக்கிச் சுமந்தால் காசு கிடைக்கும் என்று தெரிந்து அங்கே போனான். கேடி என்பார்கள் அந்த வேலையை. பை தூக்கப் போன இடத்தில்தான் மட்டையும் கைக்கு வந்தது.

17 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். ஆனால், உடனே ஜெயித்துவிடவில்லை. இங்கேதான் எனக்கு இந்த மனிதர்மேல் மரியாதை வருகிறது. பத்து வருடங்கள்! கையில் இருந்த காசெல்லாம் தீர்ந்து, ஊருக்குத் திரும்பி, வேறு வேலை பார்த்துப் பணம் சேர்த்து, மறுபடியும் போட்டிக்குப் போவார். மறுபடியும் தோற்பார். 1938-ல் ஓக்லாந்தில் ஒரு போட்டிக்குப் போயிருந்தபோது, ராத்திரி நிறுத்திவைத்த காரின் சக்கரங்களையே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி வேலரியும் அவரும் கிட்டத்தட்ட கடைசிக் காசில் இருந்த நேரம் அது. அந்தப் போட்டியில் கிடைத்த சில நூறு டாலர் பரிசுப் பணம்தான் அவரைத் தொடர்ந்து ஆட வைத்தது. தனியாக அவர் ஜெயித்த முதல் பெரிய போட்டி 1940-ல்தான் வந்தது. அதற்கப்புறம் யாராலும் பிடிக்க முடியவில்லை. நடுவில் போர் வந்து ராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்ததும் 1946-ல் 13 போட்டிகள், 1948-ல் 10 போட்டிகள் என்று அள்ளினார். 1949 ஜனவரியில் டைம் பத்திரிகையின் அட்டையிலேயே அவர் படம் வந்தது.

அடுத்த மாதமே எல்லாம் தலைகீழ் ஆனது.

பனிமூட்டத்தில் வந்த பஸ்

1949 பிப்ரவரி 2. ஃபீனிக்ஸில் ஒரு போட்டியை முடித்துவிட்டு ஹோகனும் வேலரியும் காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேன் ஹார்ன் என்ற சிறிய ஊரைத் தாண்டி, காலை நேரம், கடும் பனிமூட்டம். எதிரில் இருப்பது தெரியாததால் மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். எதிர்த்திசையில் ஒரு லாரி. அந்த லாரியை ஓவர்டேக் செய்ய நினைத்த கிரேஹவுண்ட் பஸ் ஒன்று, இவர்களின் பக்கத்துக்கே வந்துவிட்டது. சின்னப் பாலம். ஒதுங்க இடமே இல்லை.

அந்த ஒரு நொடியில் ஹோகன் செய்த காரியம்தான் இரண்டு பேரையும் காப்பாற்றியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, பக்கத்து சீட்டில் இருந்த மனைவியை மறைத்தபடி குறுக்கே பாய்ந்தார். மோதிய வேகத்தில் ஸ்டியரிங் தண்டு டிரைவர் சீட்டைத் துளைத்துக்கொண்டு பின்னால் போனது. அவர் நகராமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால் நெஞ்சில் இறங்கியிருக்கும். மனைவியைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரையும் காப்பாற்றிக்கொண்டார் என்று சொல்லலாம். வேலரிக்குச் சின்னச் சின்னக் காயங்கள்தான். ஹோகனுக்கு? இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. தோள்பட்டைக் காறையெலும்பு முறிவு. இடது கணுக்கால் முறிவு. விலா எலும்பிலும் அடி. இடது கண்ணும் பாதிக்கப்பட்டது, அதன் தொந்தரவு பிற்காலத்தில்தான் முழுசாகத் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கிருந்து எல் பாசோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். அதற்குள் அவர் இறந்துவிட்டதாகவே செய்தி பரவிவிட்டது.

வளையல் ஒரே இடத்தில் உடையுமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, இடுப்பெலும்பைப் பற்றிப் பார்த்துவிடலாம். அப்போதுதான் அவருக்கு நடந்தது எவ்வளவு பெரிது என்று புரியும்.

இடுப்பெலும்பு என்பது ஒற்றை எலும்பு இல்லை. முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற எலும்பும், இரண்டு பக்கமும் இருக்கிற பெரிய எலும்புகளும் சேர்ந்த ஒரு வளையம். ஒரு கண்ணாடி வளையலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் உடைக்க முயன்று பாருங்கள். முடியாது. ஓரிடத்தில் உடைந்தால் பெரும்பாலும் இன்னோர் இடத்திலும் விட்டுப்போகும். இடுப்பு வளையமும் பெரிய அடிகளில் அப்படித்தான். எக்ஸ்ரேயில் ஒரு முறிவைப் பார்த்ததும் டாக்டர்கள் இரண்டாவதைத் தேடுவது இதனால்தான். ஹோகனுக்கு ஏற்பட்டதும் இரட்டை முறிவு.

இந்த வளையத்துக்குள்தான் பெரிய ரத்தக்குழாய்கள், சிறுநீர்ப்பை, கால்களுக்குப் போகும் நரம்புகள் எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் எலும்பைவிட முதலில் ரத்தப்போக்கைக் கவனிப்பார்கள். இன்றைக்கு விபத்து நடந்த இடத்திலேயே இடுப்பைச் சுற்றி அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். விலகிய வளையம் மூடிக்கொள்ளும், உள்ளே கசியும் ரத்தம் குறையும். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சி.டி ஸ்கேன். வளையம் ஆடாமல் உறுதியாக இருந்தால் ஆபரேஷனே தேவைப்படாது. ஆடினால் பிளேட், ஸ்க்ரூ வைத்து உள்ளே பொருத்துவார்கள், அல்லது தற்காலிகமாக வெளியிலிருந்து கம்பிச் சட்டம் போட்டு நிறுத்துவார்கள்.

1949-ல் இதெல்லாம் கிடையாது. மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைப்பதுதான் சிகிச்சை. எலும்பு தானாகக் கூட வேண்டும், அதுவரை அசையக் கூடாது. ஹோகனும் அப்படித்தான் கிடந்தார். எலும்புகள் நன்றாகவே கூட ஆரம்பித்தன. இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிற அளவுக்குத் தேறினார்.

அப்போதுதான் வில்லன் வந்தான்.

அசையாமல் படுத்தே இருந்தால் காலில் ஓடும் ரத்தம் மந்தமாகிவிடும். மந்தமான ரத்தம் உறையும். இடுப்பெலும்பு முறிவில் அந்தப் பகுதி ரத்தக்குழாய்களும் அடிபட்டிருக்கும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். காலில் உருவான கட்டி அங்கேயே இருந்தால் வீக்கம், வலி. அது பிய்த்துக்கொண்டு, ரத்தத்தோடு மேலே ஏறி, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால், சில நிமிடங்களில் உயிரே போகலாம். ஹோகனின் காலில் உருவான ஒரு கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. பிழைத்தார். ஆனால், கட்டிகள் உருவாவது நிற்கவில்லை. அடுத்தது எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது.

பஸ் மோதி சாகாதவர், ஆஸ்பத்திரிப் படுக்கையில் சாகப்போகிற நிலை!

விமானப்படை விமானத்தில் வந்த டாக்டர்

இதற்கு ஆபரேஷன் செய்யக்கூடிய ஒருவர் நியூ ஆர்லியன்ஸில் இருந்தார். டாக்டர் ஆல்டன் ஆக்ஸ்னர். ரத்தக்குழாய் அறுவைசிகிச்சையில் அன்றைய அமெரிக்காவின் பெரிய பெயர். ஆனால், அவர் இருப்பதோ ஆயிரம் மைல் தூரத்தில். அவசரத்துக்குப் பயணிகள் விமானம் அமையவில்லை. கடைசியில் அமெரிக்க விமானப்படையின் பி-29 குண்டுவீச்சு விமானம் ஒன்று டாக்டரை ஏற்றிக்கொண்டு எல் பாசோவுக்குப் பறந்தது. ஒரு கோல்ஃப் ஆட்டக்காரருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது பாருங்களேன்.

மார்ச் 3-ம் தேதி ஆபரேஷன். ஆக்ஸ்னர் செய்தது என்னவென்றால், வயிற்றைத் திறந்து, கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் மிகப் பெரிய சிரையைக் கட்டிவிட்டார். ஆமாம், நெடுஞ்சாலையையே மூடிவிட்டார். கட்டி மேலே ஏற வழியில்லை, நுரையீரல் தப்பித்தது.

ஆனால், ரத்தம்? அது சந்து பொந்தெல்லாம் தேடித் திரும்ப வேண்டும். உடம்பில் இருக்கிற சின்னச் சின்னச் சிரைகள் மெள்ள மெள்ளப் பெரிதாகி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனாலும் பழைய சாலைக்கு ஈடாகாது. கால்கள் வீங்கும், கனக்கும், கொஞ்சம் நின்றாலே வலிக்கும். உயிர் வேண்டுமா, நல்ல கால்கள் வேண்டுமா என்ற கேள்விக்கு அன்றைய மருத்துவம் தந்த பதில் அது. நடந்தே ஆட வேண்டிய விளையாட்டில் இருப்பவருக்கு இந்த விலை எவ்வளவு பெரியது!

ஒரு சின்னத் தகவல். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று அமெரிக்காவில் முதன்முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் இதே ஆக்ஸ்னர். அவர் காப்பாற்றிய ஹோகனோ விடாமல் சிகரெட் ஊதுபவர்!

வரவேற்பறையில் தொடங்கிய நடை

ஏப்ரல் 1-ம் தேதி, கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார். உடம்பு வற்றிப்போயிருந்தது. தொடைச் சதையெல்லாம் கரைந்துவிட்டது. அவர் திரும்ப நடந்தாலே அதிர்ஷ்டம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். கோல்ஃபா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஹோகன் யாரோடும் வாதாடவில்லை. வீட்டு வரவேற்பறையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். முதலில் சில சுற்று. அடுத்த நாள் கொஞ்சம் கூட. பிறகு வாசலுக்கு. பிறகு தெருவுக்கு. மைதானத்தில் ஒரே ஷாட்டை நூற்றுக்கணக்கான தடவை அடித்துப் பழகியவர் அவர். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் இருட்டும் வரை பந்து அடிப்பாராம். அந்தப் பிடிவாதத்தை அப்படியே நடைக்கு மாற்றிக்கொண்டார்.

இன்றைக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டால், முறை கிட்டத்தட்ட இதுதான் என்பார். வித்தியாசம், இப்போது இரண்டு மாதம் காத்திருப்பதில்லை. எலும்பு உறுதியாக இருந்தாலோ, பிளேட் வைத்து உறுதியாக்கப்பட்டிருந்தாலோ, முதல் சில நாள்களிலேயே எழுப்பி உட்கார வைத்துவிடுவார்கள். படுக்கையில் இருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்வார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத பயிற்சி மாதிரி இருக்கும். ஆனால், கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலே தள்ளப்படும், உறையாமல் இருக்கும். ஹோகனின் உயிரை எடுக்கப் பார்த்த அதே விஷயத்துக்கான எளிய தடுப்பு அது. கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ தருவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் அது தொடரலாம். வலி இல்லையே, எதற்கு ஊசி என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்.

பிறகு வாக்கர். அடிபட்ட பக்கத்தில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பது முறிவைப் பொறுத்தது. சிலருக்கு முதல் நாளே முழுசாக ஊன்றலாம். சிலருக்குப் பல வாரங்களுக்கு விரல் நுனி மட்டும் தரையில் படலாம். இதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அங்கிள் இல்லை! அதற்கடுத்தது இடுப்பைத் தாங்கும் புட்டத் தசைகளுக்கான பயிற்சி. அந்தத் தசைகள் பலவீனமாக இருந்தால், எலும்பு கூடிய பிறகும் ஆள் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்.

இன்னொரு விசித்திரமும் இடுப்பில் நடப்பதுண்டு. ஹோகனின் கதையில் இது வருவதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டுப் பகுதியில் பலத்த அடி பட்டாலோ, ஆபரேஷன் நடந்தாலோ, சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடும். வளரக் கூடாத இடத்தில் வளரும் எலும்பு. மருத்துவத்தில் ஹெட்டரோடோபிக் ஆஸிஃபிகேஷன் என்பார்கள். சில வாரங்கள் கழித்து, நன்றாக அசைந்துகொண்டிருந்த மூட்டு இறுக ஆரம்பிக்கும், உட்காரவே சிரமமாகும். ஆபத்து அதிகம் இருப்பவர்களுக்கு இண்டோமெதசின் என்ற மாத்திரையோ, ஆபரேஷனை ஒட்டிக் குறைந்த அளவு கதிர்வீச்சோ கொடுத்துத் தடுக்கப் பார்ப்பார்கள். வளர்ந்து மூட்டையே பூட்டிவிட்டால், அந்த எலும்பு முற்றி வளர்ச்சி நின்ற பிறகு வெட்டி எடுப்பார்கள். அடிபட்ட இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, பலவந்தமாக மடக்கக் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படுத்திருப்பவருக்கு ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காலை வரை பொறுத்துப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

சரி, ஹோகனிடம் திரும்புவோம்.

அந்த வருட செப்டம்பரில் ரைடர் கோப்பைக்கு இங்கிலாந்து போன அமெரிக்க அணிக்கு அவர்தான் கேப்டன், ஆனால் ஆடாத கேப்டன். அணி ஜெயித்துத் திரும்பியது. டிசம்பரில் ஊர் மைதானத்தில் முதன்முறையாக 18 குழிகள் ஆடினார். நடந்து அல்ல, மோட்டார் ஸ்கூட்டரில் போய்ப் போய். ஆடி முடித்ததும் படுக்கையில் விழுந்தார்.

1950 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன். அங்கே ஸ்கூட்டருக்கு அனுமதியில்லை, நடந்தே ஆக வேண்டும். சும்மா பேருக்கு வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான்கு சுற்று முடிவில் பார்த்தால், ஜெயித்துவிட்டார் போலிருந்தது. கடைசி நேரத்தில் சாம் ஸ்னீட் வந்து சமன் செய்தார். பிறகு நடந்த டைபிரேக்கர் சுற்றில் ஹோகன் தோற்றார். ஆனாலும் ஹாலிவுட்டுக்கு இந்தக் கதை போதுமானதாக இருந்தது. அடுத்த வருடமே ஃபாலோ தி சன் என்ற படம் வந்துவிட்டது, ஹோகனாக நடித்தவர் கிளென் ஃபோர்ட்.

மெரியனில் 36 குழிகள்

1950 ஜூன், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் மெரியன் மைதானம். அமெரிக்க ஓப்பன். விபத்து நடந்து 16 மாதங்கள் ஆகியிருந்தன.

இந்தப் போட்டிக்கு அப்போது ஒரு கொடூரமான வழக்கம் இருந்தது. முதல் இரண்டு நாள் ஒவ்வொரு சுற்று, கடைசி நாள் மட்டும் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு சுற்று. ஒரு சுற்று என்றால் 18 குழிகள், குறைந்தது ஆறு கிலோமீட்டர் மேடு பள்ளத்தில் நடை. ஆக, கடைசி நாளில் 12 கிலோமீட்டருக்கு மேல்!

அவர் ஒவ்வொரு நாளும் எப்படித் தயாரானார் தெரியுமா? ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே எழுந்து, எப்சம் உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு கணுக்காலிலிருந்து தொடை வரை இரண்டு கால்களிலும் எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றிக்கொள்வார். மூடப்பட்ட அந்த நெடுஞ்சாலையால் கால்கள் வீங்கிவிடுமே, அதற்காக. ஆட்டம் முடிந்ததும் பேண்டேஜைப் பிரித்து மறுபடி வெந்நீர். இது ஒரு நாள் கூத்து இல்லை. ஆடிய காலமெல்லாம் இதே கதைதான்.

கடைசி நாள் காலைச் சுற்றைத் தாக்குப்பிடித்துவிட்டார். மதியம், முன்னிலைக்கு வந்தும்விட்டார். பன்னிரண்டாவது குழியில் பந்தை அடித்த வேகத்தில் கால்கள் பூட்டிக்கொண்டன. விழப்போனவர், பக்கத்திலிருந்த நண்பரைப் பிடித்துக்கொண்டு சமாளித்தார். அங்கிருந்து ஒவ்வோர் அடியும் வலி. சின்னப் பந்துகளைத் தவறவிட்டார். முன்னிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசிக் குழிக்கு வரும்போது, சரியாக நான்கே அடிகளில் முடித்தால் மட்டும்தான் டை.

முதல் அடிக்குப் பிறகு குழி இன்னும் 200 கெஜத்துக்கு மேல் தள்ளி இருந்தது. எடுத்தது ஒன் அயர்ன் என்கிற மட்டை. தொழில்முறை ஆட்டக்காரர்களே தொடப் பயப்படும் மட்டை அது. களைத்துப்போன கால்களில் நின்று அடித்தார். பந்து பறந்து போய்ப் பசுந்தளத்தில் உட்கார்ந்தது. இரண்டு தட்டில் முடித்தார், டை!

ஹை பெஸ்கின் என்ற புகைப்படக்காரர் அந்த ஷாட்டை ஹோகனின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். வெள்ளைத் தொப்பி, சுற்றி முடித்த மட்டை, எதிரில் சுவர் மாதிரி கூட்டம். கோல்ஃப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். கூகுளில் தேடிப் பாருங்கள். அந்தக் கால்களைக் கவனியுங்கள், உடைந்த மனிதர் என்று சொல்லவே முடியாது.

டை என்றால் அடுத்த நாள் இன்னும் 18 குழிகள். 36 குழி நடந்த கால்கள் எழுந்திருக்குமா என்றுதான் அன்றிரவு எல்லோருக்கும் கேள்வி. எழுந்தன. லாயிட் மேங்ரம், ஜார்ஜ் ஃபேசியோ என்ற இருவருக்கு எதிராக ஆடி, 69 அடிகளில் முடித்துக் கோப்பையை வாங்கினார். மேங்ரம் 73, ஃபேசியோ 75. பந்தின் மேல் உட்கார்ந்த பூச்சியை ஊதிவிட பந்தைத் தூக்கியதற்காக மேங்ரமுக்கு இரண்டு அடி அபராதம் விழுந்தது தனிக்கதை. அந்த அபராதம் இல்லாவிட்டாலும் ஹோகன்தான் ஜெயித்திருப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த ஒன் அயர்ன் மட்டை போட்டியின்போதே திருடுபோனது. பாவம், இந்த மனிதருக்குச் சக்கரம், மட்டை என்று எதையாவது யாராவது திருடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! பல வருடங்கள் கழித்துக் கிடைத்த மட்டை, இப்போது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குறைவாக ஆடி, நிறைய ஜெயித்தவர்

விபத்துக்குப் பிறகு அவர் எல்லாப் போட்டிகளுக்கும் போகவில்லை. போகவும் முடியாது. வருடத்துக்கு ஒரு சில போட்டிகள், அவ்வளவுதான். பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப் போட்டியில் அப்போதெல்லாம் பல நாள்கள் தொடர்ந்து, நாளொன்றுக்கு 36 குழிகள் வரை ஆட வேண்டியிருந்தது. தன் கால்களுக்கு அது ஒத்துவராது என்று நீண்ட காலம் அதைத் தவிர்த்தார். எதை விடுவது என்று தெரிந்திருந்ததும் அவர் மீண்டு வந்ததற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர் மோட்டிவேஷன் பேச்சாளர்கள் ஹோகன் கதையைச் சொன்னால் இந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

1953-ல் ஆறே போட்டிகள் ஆடினார். ஐந்தில் ஜெயித்தார். மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றும் அதில் அடக்கம். கார்னூஸ்டியில் நான்கு சுற்றுகளில் 73, 71, 70, 68 என்று ஒவ்வொரு சுற்றிலும் முந்தையதைவிட நன்றாக ஆடினார். அவ்வளவு அமைதியாக ஆடுகிறாரே என்று ஸ்காட்லாந்து மக்கள் அவருக்குக் குட்டி ஐஸ் மனிதர் என்று பெயர் வைத்தார்கள். திரும்பி வந்தபோது நியூயார்க்கில் காகிதத் துண்டுகள் மழையாகப் பொழிய ஊர்வலம் நடந்தது. மொத்தம் ஒன்பது மேஜர் பட்டங்கள் அவர் கணக்கில் இருக்கின்றன. அதில் ஆறு, அந்தப் பஸ் மோதிய பிறகு வந்தவை.

பிறகு சொந்தமாக கோல்ஃப் மட்டை தயாரிக்கும் கம்பெனி தொடங்கினார். முதலில் வந்த மட்டைகள் தரமாக இல்லை என்று சொல்லி, விற்பனைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார். 1957-ல் அவர் எழுதிய கோல்ஃப் பாடப் புத்தகம் இன்றும் விற்கிறது. வயதான காலத்தில் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு கிளப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் போவதும், யாரும் இல்லாத மூலையில் தனியாகப் பந்து அடிப்பதுமாக இருந்தார். 1997 ஜூலையில், தன் 84-வது வயதில் காலமானார். பஸ் மோதும்போது அவர் மறைத்துக் காப்பாற்றிய வேலரி, இரண்டு வருடங்கள் கழித்து 1999-ல் இறந்தார்.

நோயோ உடல் குறைபாடோ வந்த பிறகும் கோல்ஃபை விடாமல் ஆடுபவர்களுக்கு, அமெரிக்க கோல்ஃப் எழுத்தாளர்கள் சங்கம் அவர் பெயரில் விருது தருகிறது. 1954-ல் முதல் விருதைப் பெற்றவர் பேப் ஸஹாரியாஸ். புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட அடுத்த வருடமே பெண்களுக்கான அமெரிக்க ஓப்பனை ஜெயித்தவர் அவர்.